‘நீ எதைத் தொட்டாலும் விளங்காது’ என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

வெட்டாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நெல், தண்ணீர், கொள்முதல் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறு விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொரடாச்சேரி பக்கம். எம்.சி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு ஊருக்கே வந்துவிட்டேன். பன்னிரண்டு மா நிலம், ஏறக்குறைய நாலு ஏக்கர், இப்போது நான்தான் பார்க்கிறேன். போன தை மாதம் அப்பா அதை என் பெயருக்கே எழுதி வைத்துவிட்டார், பட்டாவும் மாறிவிட்டது. குறுவை பரவாயில்லாமல் வந்தது. குறுவை அறுத்த பிறகு போடும் தாளடிக்கு விட்ட நாற்றங்கால்தான் இந்த ஐப்பசி மழையில் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் முக்கால்வாசி நாற்று அழுகிக் கிடக்கிறது. மேட்டுப்பக்கம் நட்ட கொஞ்சம் மட்டும் உயிரோடு நிற்கிறது.

அன்றையிலிருந்து மனசுக்குள் ஒரே பேச்சு. ‘நீ எதைத் தொட்டாலும் விளங்காது.’ சின்ன வயசில் சொந்தத்தில் ஒருவர் என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வார். இப்போது அதே வரி என் குரலிலேயே கேட்கிறது. நடவு ஆளுக்குச் சொல்லப் போனால், ‘இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்னு நினைப்பாங்க’ என்று தோன்றுகிறது. கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்கப் போனேன். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன், உள்ளே பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லிப் பார்த்தேன். ‘பொய் சொல்லாதே’ என்று உள்ளே இன்னும் சத்தமாகக் கேட்கிறது. இதிலிருந்து மீண்டு வந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

---

குத்தாலம் வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, அப்பா நிலத்தை உன் பெயருக்கு எழுதி வைத்தாரே, அது எவ்வளவு பெரிய நம்பிக்கை! தைரியமாக இரு. நல்லதையே நினை, கெட்ட எண்ணம் வந்தால் உடனே துரத்திவிடு. காலையில் எழுந்ததும் ‘நான் சாதிப்பேன்’ என்று பத்துத் தடவை சொல்லு. எல்லாம் சரியாகிவிடும்.

---

ஆடுதுறை அக்கா எழுதியது:

வாத்தியார் ஐயா அன்போடு சொல்வது புரிகிறது. ஆனால் தங்கச்சி சொன்னதைக் கவனியுங்கள், கண்ணாடி முன் சொன்னதும் அந்தப் பேச்சு அவளுக்கு இன்னும் அதிகமாகிவிட்டது. அது அவள் கோளாறு இல்லை. மனநல ஆலோசனைதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கனடாவில் ஜோவான் வுட் என்ற உளவியலாளரும் அவர் கூட இருந்தவர்களும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்ற வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மேல் மதிப்பு உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களில் அதைச் சொன்னவர்கள், சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். நம்ப முடியாத ஒரு வரியைச் சொன்னால், அதை மறுக்கிற எல்லாவற்றையும் மனசு தேடி எடுத்து நீட்டும். உனக்கு ‘பொய் சொல்லாதே’ என்று கேட்டதும் அதனால்தான்.

துரத்துவதும் அப்படித்தான். 1987-இல் டேனியல் வெக்னர் என்பவர் சிலரிடம் ‘வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள்’ என்று சொல்லிப் பார்த்தார். அவர்களுக்கு அந்தக் கரடி வந்துகொண்டே இருந்தது. கட்டுப்பாட்டை எடுத்த பிறகு இன்னும் அதிகமாக வந்தது. ஆக, அடக்கவும் வேண்டாம், மேலே வெள்ளையடிக்கவும் வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் சட்சட்டென்று சின்னச் சின்ன வரிகள் ஓடுகின்றன. ‘நான் இவருக்குச் சலிப்புத் தருகிறேன்’, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’. யாரும் கூப்பிடாமல் தானாக எழும் எண்ணங்கள் அவை. வந்த வேகத்திலேயே உண்மை என்று எடுத்துக்கொள்வதால்தான் வலிக்கிறது. அவற்றை எழுதி வைத்து, ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு அதுதான் அடிப்படை.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. அந்தப் பேச்சு வரும்போது எங்கே இருந்தாய், என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுது. பிறகு மனசில் ஓடிய வரியை அதே வார்த்தையில் எழுது, மெருகு போடாதே. அதற்குக் கீழே, இதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது, எதிராக என்ன ஆதாரம் இருக்கிறது என்று எழுது. ‘எனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்பதை ஆதாரக் கணக்கில் சேர்க்காதே. கடைசியாக, உன்னால் பாதியாவது நம்ப முடிகிற ஒரு வரியை எழுது. ‘நான் சாதிப்பேன்’ மாதிரி பெரிசாக வேண்டாம். ‘குறுவையை நான்தான் அறுத்தேன், தாளடியில் நாற்று போய்விட்டது, இரண்டுமே நடந்தது’ என்கிற அளவு போதும். சாதாரணமாக, உண்மையாக இருக்கட்டும்.

மனசுக்குள்ளேயே செய்து பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். உள்ளேயே பேசினால் அது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வரும். தாளில் எழுது.

---

மதுக்கூர் தோப்பு எழுதியது:

அக்கா சொல்வதை நான் அனுபவித்தே சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியது. வேதாரண்யத்திலிருந்து எங்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வரைக்கும் தென்னை மொத்தமும் சாய்ந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோப்பில் அப்பா வைத்த மரங்கள், முப்பது வயசு மரங்கள், வேரோடு வந்துவிட்டன. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் நான் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டுத் தோப்புக்கு வந்திருந்தேன்.

புயலுக்கு நான் பொறுப்பா? இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் ராத்திரி படுத்தால் ‘உன் கைக்கு வந்ததும் எல்லாம் போச்சு பாத்தியா’ என்று ஆரம்பிக்கும். என் மனசுக்குள் ஒரு பஞ்சாயத்து நடந்தது. குற்றம் சாட்டியவனே நாட்டாமையாகவும் உட்கார்ந்திருந்தான், என் தரப்பில் பேச ஆளே இல்லை.

எனக்கு வழி காட்டியவர் நிவாரணக் கணக்கெடுக்க வந்த ஒரு அதிகாரி. அவர் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தோப்பில் என்னோடு நடந்து, ‘விழுந்தது எத்தனை, நிக்கிறது எத்தனை, குருத்து ஒடிஞ்சது எத்தனை’ என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். ‘எல்லாம் போச்சு’ என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் எல்லாமும் போகவில்லை. நின்ற மரங்களுக்கு மண் அணைத்தோம். விழுந்த இடத்தில் குட்டை ரகம் வைத்தோம், காய் வரும்வரை ஊடுபயிராக உளுந்து போட்டோம். துக்கம் அன்றைக்கே போய்விடவில்லை. ஆனால் ‘எல்லாம்’ என்ற வார்த்தை அன்றைக்குப் போய்விட்டது. அது போனதும் என்னால் வேலை செய்ய முடிந்தது.

தங்கச்சி, ‘எதைத் தொட்டாலும்’ என்கிறாயே, அந்த ‘எதை’யை எண்ணிப் பார். நீ எதையெல்லாம் தொட்டாய் என்று வரிசையாக எழுது.

---

வலங்கைமான் எழுதியது:

நான் மாற்றுக்கருத்து வைக்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுயசந்தேகம் எல்லாமே நோய் என்கிற மாதிரி பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. களைக்கொல்லி அளவு தெரியாதவன் சந்தேகப்படுவது நல்லது. அவன் தெரிந்த மாதிரி அடித்தால் பயிரே கருகிவிடும். புதிதாக விவசாயத்துக்கு வந்த பிள்ளைக்கு, தெரியாதது நிறைய இருக்கத்தான் செய்யும். ‘நீ சந்தேகமே படாதே’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பினால் நஷ்டம் அவளுக்குத்தான். நாற்றங்கால் ஏன் மூழ்கியது என்று அவள் யோசிக்க வேண்டாமா?

---

ஆடுதுறை அக்கா எழுதியது:

அண்ணே, நல்ல கேள்வி. இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘தண்ணீர் வடிந்த பிறகு என்ன உரம் போடுவது?’ இது சந்தேகம். இதற்கு விடை உண்டு, கேட்டால் யாராவது சொல்வார்கள், நாளைக்கு அந்தச் சந்தேகம் இருக்காது. ‘நீ எதைத் தொட்டாலும் விளங்காது’ என்பதற்கு என்ன விடை? யாரிடம் போய்க் கேட்பது? எந்த வேலையையும் அது சொல்லித் தரவில்லை. வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி வந்து ஆளைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறது. முதலாவது அவளை வேளாண் விரிவாக்க மையத்துக்கு அனுப்பும். இரண்டாவது சொசைட்டி வாசலில் இருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். நீங்கள் சொல்லும் நல்ல சந்தேகத்தைக் கூட இந்த இரண்டாவது பேச்சு வாயடைத்துவிடுகிறது பாருங்கள். ‘எனக்குத் தெரியவில்லை, சொல்லுங்கள்’ என்று கேட்கவே அவளால் முடியவில்லை.

அதனால் நோட்டில் எழுதும்போது எனக்கு ஒரு வேலை செய், தங்கச்சி. ஒவ்வொரு வரியிலும் ‘இதற்கு விடை சொல்ல யாராவது இருக்கிறார்களா?’ என்று கேள். இருந்தால் அவரைப் போய்ப் பார்.

---

வலங்கைமான் எழுதியது:

இப்படிப் பிரித்தால் எனக்குச் சம்மதம்.

அப்படியே அந்த உரக் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன், தங்கச்சிக்கு மேட்டில் கொஞ்சம் பயிர் நிற்கிறது என்றாளே. முதலில் தண்ணீரை முழுக்க வடி. ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வை. மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வயலில் போடு. வேளாண் துறை வழக்கமாகச் சொல்வதுதான். உன் வயலைப் பார்த்த உதவி வேளாண் அலுவலர் வேறு சொன்னால் அதைக் கேள். அடுத்த வருஷம் சம்பாவே போடுவதாக இருந்தால், பள்ளமான வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகத்தைப் பார். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும். வயசு அதிகம், தாளடிக்குச் சரிவராது.

---

தவில் தம்பி எழுதியது:

மாயவரம் பக்கம் தவில் வாசிக்கிறேன். எனக்கு இந்தப் பேச்சு வருவது ஒரே நேரத்தில்தான். வலது கை விரலுக்குக் கூடு மாட்டும்போது. பெரிய வித்வான் பக்கத்தில் நாதஸ்வரச் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். ‘இன்னிக்குத் தாளம் விடப் போறே, எல்லாரும் பாக்கப் போறாங்க’ என்று உள்ளே ஆரம்பிக்கும். கை ஜில்லென்று ஆகிவிடும்.

நான் செய்வது, என் பெயரைச் சொல்லி எனக்கே பேசுவேன். வாய்விட்டு இல்லை, மனசுக்குள்தான். ‘தம்பி, இந்தக் கோர்வை உனக்குத் தெரியும். காலப்பிரமாணத்தைப் பிடிச்சுக்க. முதல் ரெண்டு ஆவர்த்தனம் அடக்கி வாசி.’ குருநாதர் பேசுகிற மாதிரியே இருக்கும். ‘நான்’ என்று ஆரம்பித்தால் பயம் வருகிறது, ‘நீ’ என்று சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வருகிறது. இது எனக்கு மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள ஆசை.

---

ஆடுதுறை அக்கா எழுதியது:

உனக்கு மட்டும் இல்லை தம்பி. ஈதன் கிராஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் இதையே சோதித்துப் பார்த்தார். மேடையில் பேசப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் ‘நான்’ என்றும், இன்னொரு பகுதியினர் தங்கள் பெயரையோ ‘நீ’யையோ சொல்லியும் மனசுக்குள் பேசிக்கொண்டார்கள். பெயரைச் சொன்னவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது, பேச்சும் நன்றாக வந்தது. பிறகு அதையே நினைத்து மருகுவதும் குறைந்தது. இன்னொருவருக்கு யோசனை சொல்லும்போது நாம் எல்லோருமே நிதானமாகத்தான் இருக்கிறோம். அந்த நிதானம் நம் பக்கம் திரும்பக் கொஞ்சம் தூரம் தேவைப்படுகிறது.

---

பாபநாசம் அம்மா எழுதியது:

இதையெல்லாம் படித்துவிட்டு என் கேள்வியையும் கேட்கிறேன். என் மகள் பிளஸ் டூ. மாடல் எக்ஸாமில் மார்க் குறைந்தால் ‘நான் வேஸ்ட்மா’ என்கிறாள். எப்போதும் கிளாஸில் முதல் இரண்டு இடத்தில் வருகிற பிள்ளை. ‘நீ அறிவாளி, உனக்கு என்ன குறை’ என்று சொல்லித்தான் வளர்த்தோம். ஒரு நாளும் திட்டியதில்லை. பிறகு எங்கேயிருந்து வருகிறது இது?

---

குத்தாலம் வாத்தியார் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா, வகுப்பறையில் பார்த்ததுதான்.

‘அறிவாளி’ என்ற பட்டம் கிடைத்த பிள்ளைக்கு அதைக் காப்பாற்றுவதே பெரிய பாரமாகிவிடுகிறது. ஒரு கணக்கு வரவில்லை என்றால், கணக்கு கஷ்டம் என்று அது நினைக்காது. பட்டம் பொய்யோ என்றுதான் நினைக்கும். 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதை ஆராய்ந்து எழுதினார்கள். ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டிய பிள்ளைகள், அடுத்துக் கடினமான புதிர்கள் வந்ததும் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். ‘நன்றாக முயற்சி பண்ணியிருக்கிறாய்’ என்று பாராட்டிய பிள்ளைகள் விடாமல் போட்டுப் பார்த்தார்கள்.

இனிமேல் அவள் செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். ‘நேற்று விட்ட கணக்கை இன்று மறுபடி உட்கார்ந்து போட்டாயே’ என்று சொல்லுங்கள். மார்க் குறைந்த அன்று ‘பரவாயில்லை, நீ கெட்டிக்காரி’ என்று சொன்னால், பாரம் இன்னும் ஏறும். வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் போயிற்று என்று கூட உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் ஒன்று. நாம் நம்மைப் பற்றிப் பேசுவதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரசம் கொஞ்சம் புளித்தால் ‘எனக்கு ஒண்ணும் துப்பில்லை’ என்று அடுப்படியில் சொல்கிறோம். அவள் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறாள்.

---

பாபநாசம் அம்மா எழுதியது:

கடைசியாகச் சொன்னீர்களே ஐயா, அதை நான் தினமும் சொல்கிறேன். யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

---

இரவுப் பணி எழுதியது:

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். இங்கே பேசியதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் நோட்டும் பேச்சும் போதாத நிலை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை விடக்கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனசு இருண்டே இருக்கிறது, பிடித்த விஷயத்தில் கூட நாட்டம் இல்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, எழுந்து குளிக்கவே பெரும்பாடாக இருக்கிறது என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது, குணமாகும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் கூட ஆளை இப்படிச் சோர்ந்துபோக வைக்கும். நம் பக்கத்துப் பெண்களிடம் இரண்டையும் நிறையப் பார்க்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ‘எனக்குத் தெம்பில்லை, நான் சோம்பேறி’ என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தவர் இரும்புச்சத்து மாத்திரையில் தேறி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் பேசலாம்.

‘இருந்து என்ன செய்யப் போகிறோம்’ என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், தனியாக இருக்காதீர்கள். உடனே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். விவசாய வீடுகளில் பூச்சிமருந்து கையெட்டும் இடத்தில் இருக்கிறது. அதைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். அந்தக் கொடுமையான நேரம் கடந்து போகும். அதுவரை கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். வார்டில் இருக்கிறவள் சொல்கிறேன், தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

வெட்டாறு தங்கச்சி, உனக்குச் சாப்பாடு, தூக்கம் எப்படி இருக்கிறது?

---

வெட்டாறு எழுதியது:

அக்கா, நன்றாகச் சாப்பிடுகிறேன். தூக்கம் விடிகாலையில் கலைகிறது. நீங்கள் சொன்ன மாதிரி நினைப்பெல்லாம் இல்லை, கவலைப்படாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவளும் எப்போதும் அசதி அசதி என்கிறாள்.

நோட்டு வாங்கினேன். மதுக்கூர் அண்ணன் சொன்னதுபோல ‘தொட்டது’ எல்லாவற்றையும் எழுதினேன். அதை அப்படியே தருகிறேன்.

‘குறுவை. ஈரப்பதம் 17-க்குள் காயவைத்துக் கொண்டுபோனேன், கொள்முதலில் ஒரு மூட்டை கூடத் திரும்பவில்லை. அப்பாவின் மாத்திரை, பிசியோதெரபி. இப்போது கம்பு ஊன்றித் திண்ணை வரை நடக்கிறார். போர் மோட்டார் காயில் எரிந்தது, சரிசெய்தது. பட்டா மாற்றம், தாலுகா ஆபீஸ் அலைச்சல், முடிந்தது. தாளடி நாற்றங்கால், போய்விட்டது.’

பிறகு, நாற்றங்கால் ஏன் போனது என்று தனியாக எழுதினேன். மழை. பக்கத்தில் ஓடும் வெட்டாறு நிறைந்து ஓடியதால் வடிகால் உள்வாங்கவில்லை. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, தெருவே சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். அப்புறம், நாற்றங்கால் இருக்கும் இடம் பள்ளம். அப்பா காலத்திலிருந்து அங்கேதான் விடுகிறோம், போர் பக்கத்தில் இருப்பதால். இதில் என் கையில் இருப்பது இடம் ஒன்றுதான். அடுத்த முறை மேட்டு வயலில் ஒரு மூலையை ஒதுக்கப் போகிறேன், தண்ணீருக்கு ஹோஸ் போட்டுக்கொள்ளலாம். வலங்கைமான் அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

எழுதியவுடன் அந்தப் பேச்சு நின்றுவிடவில்லை. இன்று காலையிலும் வந்தது. ஆனால் கேட்டவுடன் அது யார் சொன்ன வரி என்று தெரிந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் நிற்பதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? அவர் எங்கள் வயல் பக்கம் வந்ததே இல்லை.

---

மதுக்கூர் தோப்பு எழுதியது:

அருமை தங்கச்சி. அந்தப் பட்டியலைக் கிழித்துவிடாதே. என்னுடையது இன்னும் பீரோவில் இருக்கிறது.

நாற்றுக்கு என்ன செய்யப் போகிறாய்?

---

வெட்டாறு எழுதியது:

பக்கத்து ஊரில் ஒருவரிடம் நாற்று மிச்சம் இருக்கிறது என்று நடவுக்கு வரும் அக்கா ஒருவர் சொன்னார். நானே போய்க் கேட்டேன். ‘எந்த வயசு நாற்று, என்ன ரகம்’ என்று கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். தவில் தம்பி சொன்னபடி, போகிற வழியெல்லாம் என் பெயரைச் சொல்லி எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அவர் நாற்று தருகிறேன் என்றுவிட்டார், பறிகூலியும் வண்டிக்கூலியும் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை நடவு.

கையில் பணம் போதாது. சொசைட்டிக்கு மறுபடி போக வேண்டும். அங்கே போவதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் ஓடுகிறது.

---

ஆடுதுறை அக்கா எழுதியது:

கலக்கட்டும். கலக்கம் போன பிறகு போகலாம் என்று காத்திருந்தால் நடவு முடிந்துவிடும். வயிறு கலங்கினபடியே போ. போவதற்கு முன்னால் நோட்டில், ‘அங்கே என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்’ என்று ஒரு வரி எழுது. வந்த பிறகு ‘என்ன நடந்தது’ என்று கீழே எழுது. இப்படிச் சேர்த்து வைத்தால், உன் மனசு எந்த அளவு கூட்டிச் சொல்கிறது என்று உனக்கே ஒரு கணக்குக் கிடைக்கும். வேறு யார் சொல்வதையும்விட அதை நீ நம்புவாய்.

ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியிலேயே மாட்டிவிட்டுப் போ. கையில் பைல் இருக்கட்டும். முதல் வாக்கியத்தை மட்டும் முடிவு செய்துகொள், ‘சார், தாளடிக்குப் பயிர்க்கடன் வேணும், என்ன என்ன கொடுக்கணும்?’ அதற்கு மேல் யோசிக்காதே.

---

வலங்கைமான் எழுதியது:

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் தன் அடகு நகையை எப்போது திருப்புவது என்று யோசித்துக்கொண்டிருப்பான். நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான், வருகிறவர்களை நான் ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை.

இன்னொன்று. கெடுவுக்குள் கட்டிவிட்டால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. யாரிடமோ யாசகம் கேட்கப் போகிற மாதிரி நினைக்காதே, அது விவசாயிக்கு உரிய கடன். போன கையோடு பயிர்க் காப்பீடு எப்போது வரை கட்டலாம் என்றும் கேட்டுக்கொள்.

---

குத்தாலம் வாத்தியார் எழுதியது:

சிட்டா, அடங்கல், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், இரண்டு போட்டோ எடுத்துக்கொள் தங்கச்சி. எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். நிலம் இப்போதுதான் உன் பெயருக்கு வந்திருப்பதால், முதலில் உறுப்பினராகச் சேரச் சொல்வார்கள். அதற்கு ஒரு படிவமும் பங்குத்தொகையும் உண்டு. அப்பா பழைய உறுப்பினர் என்றால் அவருடைய எண்ணையும் குறித்துக்கொண்டு போ, செயலாளருக்குத் தேட வசதி. சிட்டாவை ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். அடங்கலுக்கு மட்டும் இன்று சாயங்காலமே வி.ஏ.ஓ.வைப் பார்த்துவிடு, மழைச் சேதக் கணக்கெடுப்பு ஆரம்பித்துவிட்டால் அவரை ஆபீசில் பிடிக்க முடியாது.